ஏக்கர்க் கணக்கில் அடங்காத பிள்ளைகள்

வடக்கில் காணி விடுவிப்புப் பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் அது ஏக்கரிலேயே வெளிவருகிறது. இத்தனை ஏக்கர் விடுவிக்கப்பட்டது என்று அமைச்சர் அறிவிப்பார். இன்னும் இத்தனை ஏக்கர் படையினர் வசம் உள்ளது என்று நாடாளுமன்ற உறுப்பினர் மறுமொழி கூறுவார். பறிக்கப்பட்ட காணி உரியவர் கைக்கு அங்குலமும் குறையாமல் திரும்ப வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும் அந்தக் கணக்கில் ஒருநாளும் இடம்பெறாத ஒரு கூட்டத்தார் நம் நடுவே வாழ்கின்றனர். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையம் என்ற பெயரில் நின்ற கொட்டில்களில் பிறந்தவர்கள் அவர்கள்; அங்கேயே நடை பழகி, அங்கிருந்தே பள்ளி சென்று, அங்கேயே மணமுடித்துப் பிள்ளை பெற்றவர்கள். அவர்களின் பெற்றோருக்கு விடுவிக்கப்பட ஒரு பரப்புக் காணியும் இருந்ததில்லை. காணி இல்லாதவரின் பிள்ளைக்கு இந்த மண்ணில் எங்கே இடம் என்ற கேள்வியே இன்று நம்முன் நிற்கிறது.

இந்நிலை வந்த வரலாற்றை இளையோருக்காக ஒருமுறை நினைவுபடுத்த வேண்டியுள்ளது. 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பலாலிப் படைத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்திருந்த வலிகாமம் வடக்கின் ஊர்கள் அம்மாதத்தின் நடுப்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. மயிலிட்டியும் தையிட்டியும் ஊறணியும் பலாலியும் கட்டுவனும் வசாவிளானும் கையில் அகப்பட்டதோடு நடந்தன. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றே எல்லோரும் எண்ணினர். மாட்டை அவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டி, திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவர்கள் பலர். பின்னர் அவ்வூர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. நாலு நாள் இருபது ஆண்டைக் கடந்தது. சிலருக்கு அது இன்னும் முடியவில்லை.

2009 இல் போர் முடிந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகால நிலை முடிவுக்கு வந்தபோது, உயர்பாதுகாப்பு வலயங்களைத் தாங்கி நின்ற அவசரகால விதிகளும் ஒழிந்தன. வேலி மட்டும் அசையவில்லை. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்குக் காணி எடுத்தற் சட்டத்தின் இரண்டாம் பிரிவின்கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று அதற்குக் காரணமும் காட்டப்பட்டது. அந்த உரிமையாளர் பலர் அவ்வேளை சில மைல் தொலைவிலுள்ள முகாம்களில், அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே பெயரோடு இருந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன; மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3 இல் மக்களிடம் திரும்பியது. விடுவிப்பு இன்னும் முழுமை பெறவில்லை; ஆயினும் ஒரு பெரும்பகுதி மீண்டுள்ளது.

அப்படியானால் முகாம்கள் ஏன் அத்தோடு ஒழியவில்லை? இதற்கு விடை கொழும்பில் பாதியும் யாழ்ப்பாணத்தில் பாதியுமாகக் கிடக்கிறது. இடம்பெயர்ந்தோருள் வெளிநாட்டில் உறவுடையோர், வேறிடத்தில் காணி வாங்க வல்லோர், அரச உத்தியோகம் பார்த்தோர் ஆகியோர் தொடக்க ஆண்டுகளிலேயே முகாமை விட்டு வெளியேறினர். எஞ்சியவர்கள் பெரும்பாலும் பிறர் வளவில் குடியிருந்தோர். கோயிற்காணியிலும் கடற்கரைப் புறம்போக்கிலும் வாழ்ந்தோர். தோட்டக்கூலியும் கல்லுடைப்பும் கடற்றொழிலும் பார்த்து அன்றாடம் உண்டோர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் நம் சமூகம் தாழ்த்தி வைத்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மடியில் முடிந்துகொண்டு போன திறப்பும் பிறர் காணியில் நின்ற குடிசைக்குரியதே. ஊர் விடுவிக்கப்பட்டபோது காணிக்காரர் உறுதியை எடுத்துக்கொண்டு எல்லை பார்க்கப் போனார். குடியிருந்தவருக்குப் போக எல்லையும் இல்லை, காட்ட உறுதியும் இல்லை.

இவ்வாறு எஞ்சியவர்கள் பிள்ளை வளர்த்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு அடிக் கொட்டில். கூரை பனையோலையோ தகரமோ; ஓட்டையை மறைக்க ஒரு தறப்பாள். பெரிய பெண்பிள்ளை இருந்தால் நடுவே ஒரு பழஞ்சேலை குறுக்கே கட்டியிருக்கும், அதுவே அறைச்சுவர். பள்ளிப் புத்தகங்கள் ஒரு பொலித்தீன் பையில் கூரைவளையிலிருந்து தொங்கும். நிலத்தில் வைத்தால் கறையான், ஓரத்தில் வைத்தால் மழை. கார்த்திகை மழை தொடங்கினால் தாய் முதலில் காப்பது அந்தப் பையைத்தான். பிறகே பாயைச் சுருட்டுவாள். கொட்டிலைச் சுற்றி மண்ணணை கட்டி, வெள்ளம் உள்ளே வராமல் விடியும்வரை விழித்திருந்துவிட்டு, காலையில் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையை ஈரத்தோடு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவாள். பொதுக் கிணற்றில் முறை வரும்வரை வாளியோடு நிற்க வேண்டும். பொது மலசலகூடத்துக்கு இரவில் பெண்பிள்ளை தனியே போக முடியாது. ஓலைத் தட்டிக்கு அப்பால் அயலவனின் குடியும் சண்டையும் இவள் பிள்ளையின் காதிலும் விழும். இத்தனைக்கும் நடுவே அப்பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடைந்தால் நாம் அதை வியப்புக்குரிய செய்தியாகப் படத்தோடு வெளியிடுகிறோம். வியந்ததோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுவதே நமது பிழை.

கல்விக்கு வரும் இடர் கூரையோடு நிற்பதில்லை. முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் விதிகள் பள்ளிக்கு அண்மையில் குடியிருப்பதை ஆவணங்களால் நிறுவச் சொல்கின்றன: காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணச் சிட்டை. முகாமிலுள்ள தாய்க்கு இவற்றுள் எது இருக்கும்? உறுதி பிறருடையது. வாக்காளர் பெயர் பல ஆண்டு பழைய ஊரிலேயே கிடந்தது. இடம்பெயர்ந்தோர் தம் சொந்த இடத்து இடாப்பில் தொடர்ந்து பதிய 2013 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. அந்தச் சட்டம் வாக்கைக் காத்தது. பள்ளி வாசலில் அது உதவாது. ஆகவே கிராம அலுவலரின் கடிதத்தையும் அதிபரின் இரக்கத்தையும் நம்பியே அவள் வரிசையில் நிற்க வேண்டியவளானாள். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை இரக்கமாகப் பெற்றுப் பழகிய பிள்ளை, தன் வாழ்நாள் முழுதும் எந்த அலுவலகத்திலும் நிமிர்ந்து பேசத் தயங்கும்.

தொழிலைப் பார்ப்போம். மயிலிட்டி இத்தீவின் முன்னணி மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. அங்கே தகப்பனோடு கடலுக்குப் போய்க் காற்றையும் நீரோட்டத்தையும் கற்ற பையன் பதினெட்டு வயதில் தேர்ந்த தொழிலாளியானான். முகாம் உள்நாட்டில் அமைந்தது. தகப்பன் கூலிவேலைக்குப் போனான். மகன் கடலைத் திருவிழாக் காலத்தில் கீரிமலையிலோ காரைநகரிலோ பார்த்தான். 1990 இல் கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவன், துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது இருபத்தேழு வயதினன். அவனுக்குத் துறை கிடைத்தது, தொழில் கிடைக்கவில்லை. வலை பொத்தவும் வள்ளம் தள்ளவும் கற்பிக்க வேண்டிய வயதில் ஒரு தலைமுறை மண்வெட்டி பிடித்தது. எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இந்த நட்டத்துக்கு ஒரு நிரல் இல்லை.

பெண்பிள்ளையின் நிலை இன்னும் கடிது. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியே வருவன. தேசவழமை வளர்ந்ததும் நம் வழக்கம் நிற்பதும் அந்த அடித்தளத்தின்மேல்தான். மகள் பிறந்தால் சீதனக் காணி எது என்று தகப்பன் எண்ணத் தொடங்குவது இங்கு இயல்பு. காணியே இல்லாத தகப்பன் எதை எண்ணுவான்? கொட்டிலிற் பாதியைத் தட்டி வைத்து மறிப்பதே அவன் மகளுக்குக் கொடுக்கும் சீதனம். சேலைத் திரைக்குப் பின்னே வளரும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தேடிப் பெற்றோர் இளவயதிலேயே மணமுடித்துக் கொடுக்கும்போது, அவர்களைச் சட்டம் கண்டிக்கலாம். கதவில்லாத வீட்டில் அவளை வளர்க்க வைத்தவர்களைக் கண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை.

இவ்வாறு பெருகிய குடும்பங்களுக்கு நிர்வாகம் வைத்த பெயர் உப குடும்பம். 1990 இல் ஒரு நிவாரண அட்டையோடு வந்த குடும்பத்தில் இன்று மூன்று நான்கு அடுப்பு எரிகிறது. ஆனால் பதிவேட்டில் முதன்மையானது பழைய அட்டையே. அதற்கு ஒரு காணித்துண்டு கிடைத்தாலும் மற்றைய மூன்று குடும்பங்களும் அவற்றின் பிள்ளைகளும் அதே முற்றத்தில் நெருக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுத்திட்டங்களோ இன்னொரு கதை. இந்திய அரசு வடக்குக்கும் கிழக்குக்கும் மலையகத்துக்குமாக 50,000 வீடுகளை வழங்க முன்வந்தது. வடக்குக் கிழக்கில் பயனாளி தானே கட்டிக்கொள்ள வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா அளிக்கப்பட்டது. அதனால் எழுந்த வீடுகளை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அதிற் சேர முதல் தகுதி காணி. பின்னர் 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டமொன்றை அரசாங்கம் கொணர்ந்தது. வெயில் எரிக்கும் நாட்டுக்கு அது ஒவ்வாது என்றும், கல்வீட்டின் செலவிலும் பன்மடங்கு என்றும் எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. கல்லா இரும்பா என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டோம். காணியற்றவனுக்கு இரண்டும் ஒன்றே. எதையும் நாட்ட அவனுக்கு நிலம் இல்லை.

சட்டம் இவ்விடயத்தில் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட வாழ்க்கைத்தரத்தைக் குடிகளுக்கு உறுதிசெய்வதை அரசின் வழிகாட்டு நெறியாக வகுத்துள்ளது. சிறுவர் நலத்தைத் தனிக் கவனத்தோடு பேணுமாறும் சொல்கிறது. 29ஆம் உறுப்புரை அந்நெறிகள் எவற்றையும் நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்த இயலாது என்று முடித்துவைக்கிறது. கொடுத்த கையே மூடிக்கொண்டது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐக்கிய நாடுகள் வழிகாட்டற் கோட்பாடுகள் 1998 இல் வந்தன. 2015 டிசெம்பரில் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன மல்லாகம் கோணப்புலம் முகாமுக்கு நேரில் வந்து கொட்டில்களைக் கண்டார். அதையடுத்து ஆறு மாதத்தில் இடம்பெயர்ந்தோர் பிரச்சினைக்குத் தீர்வு என்றார். 2016 இல் நிலையான தீர்வுக்கான தேசியக் கொள்கை ஒன்றும் அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டிலேயே கீரிமலைப் பகுதியில் நல்லிணக்கபுரம் என்ற குடியிருப்பு எழுந்து, காணியற்ற சில குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று. மனம் தொடரவில்லை என்பதற்கு எஞ்சியோர் சான்று.

பிற நாடொன்றின் தீர்ப்பை இங்கு நோக்குவது தகும். தென்னாபிரிக்காவின் வொலஸ்டீனில் விளையாட்டுத் திடலொன்றில் பொலித்தீன் விரித்து வாழ்ந்த 390 பெரியவர்களும் 510 சிறுவர்களும் அரசாங்கத்துக்கு எதிராக வழக்காடினர். ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணின் பெயரால் அறியப்படும் அவ்வழக்கில், 2000 ஒக்டோபரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்டகால வீட்டுத்திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், இன்றே கூரையற்று நிற்பவருக்கு அதில் ஒரு வழி இல்லையேல் அத்திட்டம் நியாயமானதன்று என்பது தீர்ப்பின் சாரம். உலகச் சட்டக் கல்லூரிகள் அதைப் பாடமாக்கின. குரூட்பூம் 2008 இல் தமக்கென ஒரு வீடு கிடைக்காமலே இறந்தார். நமக்கு அதில் இரண்டு பாடம். வீடற்ற பிள்ளைகளின் நிலையை நீதிமன்றம் கேட்கத்தக்க வழக்காக்கும்படி நம் அரசியலமைப்பும் மாற வேண்டும். தீர்ப்பு வந்தபின் அதைக் கூரையாக மாற்றும் அலுவலர் கையைப் பொதுமக்கள் விடாது பற்றி நிற்கவும் வேண்டும்.

இனி நம்மை நோக்கிச் சொல்ல வேண்டியவை. காணி போதாது என்ற வாதம் அடிக்கடி வருகிறது. ஓர் ஏக்கர் என்பது பதினாறு பரப்பு. குடும்பத்துக்கு இரண்டு பரப்பு வீதம் ஓர் ஏக்கரில் எட்டுக் குடும்பங்கள் குடியேறலாம். சுவீகரிக்க எண்ணிய 6,381 ஏக்கரில் நூற்றில் ஒரு பங்குக்கு ஈடான நிலத்தை ஒதுக்கினால் ஐந்நூறு குடும்பங்களுக்கு வளவு உண்டு. படையினர் பயிர் செய்யவும் விடுதி நடத்தவும் நிலம் இருந்த இடத்தில், இதற்கு மட்டும் நிலம் இல்லை என்பது ஏற்கத்தக்கதன்று. தனியார் காணி உரியவருக்கே போக வேண்டும். அரச காணியிலும் மனமுவந்து விற்போர் காணியிலுமே இந்தப் பங்கு கிடைக்கும். தடை நிலத்தில் இல்லை.

தடை நம் மனத்தில் இருக்கிறது. காணியற்றவர்க்கு நிலம் தேடும் முயற்சிகள் ஊருக்குள் வரும்போது, அவர்கள் இங்கு வேண்டாம் என்ற முணுமுணுப்பு எழுவதை நாம் அறிவோம். விலை பேசிய காணி, வாங்குவோர் யார் என்று தெரிந்ததும் விலைக்கில்லை என்றாகும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்வோரின் பூட்டிய வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளும் ஊர்தோறும் கிடக்கின்றன. அவற்றைக் காக்கச் சம்பளத்துக்கு ஆள் வைப்போம், குடியேற்ற மாட்டோம். இராசகோபுரத்துக்குக் கோடிகள் திரட்டும் கோயில்கள் தம் காணியில் நான்கு குடும்பத்துக்கு இடம் விட்டால் மூலமூர்த்தியின் பெருமை குறைந்துவிடாது. படையினரின் வேலியைக் கண்டிக்கும் நாம், நம் கிராமத்து எல்லையில் கண்ணுக்குத் தெரியாத வேலியை இட்டுக்கொண்டிருப்பது முறையா?

ஒக்டோபர் 30 என்ற நாளை யாழ்ப்பாணம் இருமுறை நினைக்கக் கடமைப்பட்டது. 1990 இல் அன்று, இந்நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் பிள்ளைகள் புத்தளத்துக் குடிசைகளில் வளர்ந்தனர். 1995 இல் அதே நாளில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போயினர். கொட்டும் மழையில் பிள்ளையைத் தோளில் சுமந்து அந்த வீதியில் நின்றோருள் காணிக்காரரும் கூலிக்காரரும் இருந்தனர். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் மரநிழலிலும் அவர்கள் ஒன்றாகப் படுத்தனர். வீடின்றிப் பிள்ளை வளர்ப்பது எத்தகையது என்பதை நாற்பது வயது கடந்த ஒவ்வொரு யாழ்ப்பாணத்தவரும் சில மாதமேனும் அறிவார். அறிந்தவர் மறப்பது, அறியாதவர் செய்யும் கொடுமையிலும் பெரிது. புத்தளத்திலிருந்து திரும்ப விரும்புவோருக்கும் மல்லாகத்திலிருந்து வெளியேற விரும்புவோருக்கும் நாம் ஒரே நீதியையே பேச வேண்டும். ஒருவருக்கு மட்டும் கேட்கும் நீதி எவர் செவியிலும் ஏறாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. காணியற்ற குடும்பங்களின் தனிப் பதிவேடு ஒன்றை மாவட்டச் செயலகம் உப குடும்பங்களையும் உள்ளடக்கித் தயாரித்து வெளிப்படையாக வைக்க வேண்டும். கடற்றொழிலாளிக்குக் கரையோரத்திலும் தோட்டத் தொழிலாளிக்குச் செம்மண்ணிலும் இடம் ஒதுக்க வேண்டும். எங்கோ ஒரு தரவையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு மீள்குடியேற்றம் முடிந்தது என்று எழுதக்கூடாது. ஆவணத்தில் தாயின் பெயரும் சேர வேண்டும். காணி கிடைத்த அன்றே வீட்டு நிதியும் கிணறும் மலசலகூடமும் தொடங்க வேண்டும். வீடு எழும்வரை அப்பிள்ளைகளின் பள்ளி அனுமதிக்குக் கிராம அலுவலரின் ஒரு சான்றே போதும் என்று கல்வித் திணைக்களம் சுற்றறிக்கை விட வேண்டும். கோயில்களும் புலம்பெயர்ந்தோர் ஊர்ச்சங்கங்களும் ஆளுக்கொரு துண்டு நிலத்தோடு முன்வர வேண்டும். சாதி கேளாமல் கொடுக்க வேண்டும். இவை ஈராண்டில் முடியத்தக்கன. முடிந்ததா என்று கேட்கும் கடமை ஏடுகளுக்கும் உண்டு. ஆறு மாத வாக்குறுதியை நாமும் ஏழாம் மாதத்தில் மறந்தவர்களே.

1990 இல் வந்தோர் முதல் தலைமுறை. கொட்டிலில் பிறந்தோர் இரண்டாம் தலைமுறை. இன்று பள்ளி செல்வோர் மூன்றாம் தலைமுறை. முதலிரண்டு தலைமுறைக்கும் போரைக் காரணம் காட்டலாம். மூன்றாவதற்கு அரசாங்கத்தைக் காரணம் காட்டலாம். நான்காம் தலைமுறைக் குழந்தை ஒன்றும் முகாமை முகவரியாகக் கொண்டு பிறக்குமானால், கொழும்பை மட்டும் குறைகூறும் உரிமை யாழ்ப்பாணத்துக்கு இராது.